வண்டிச் சக்கரமும் ஓர் ஆசாரியும்

உங்கள் ஊரில் இன்று மரச் சக்கரம் பூட்டிய மாட்டுவண்டி ஒன்றாவது இருக்கிறதா? சற்று நினைத்துப் பாருங்கள். வண்டி இல்லாவிட்டாலும், கழற்றிப் போட்ட சக்கரம் ஒன்று எங்காவது மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து கிடக்கலாம். கிடந்தால் போய்ப் பாருங்கள். நடுவில் உருண்டையாக இருப்பது குடம். குடத்திலிருந்து கதிர்போல் கிளம்புபவை ஆரக்கால்கள். அவற்றின் நுனிகளில் வில்போல் வளைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து வட்டமாக நிற்பவை வட்டைகள். வட்டைகளைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருப்பது இரும்புப் பட்டா. எண்ணிப் பாருங்கள்: பெரும்பாலும் பன்னிரண்டு ஆரக்கால்களும் ஆறு வட்டைகளும் இருக்கும். ஏன் ஆறு? ஏன் ஐந்தோ ஏழோ இல்லை?

இந்தக் கேள்வியை எனக்கு முதன்முதலில் போட்டவர் எந்தப் பேராசிரியரும் அல்லர். கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வாழ்ந்த ஆசாரி ஒருவர். நாங்கள் சிறுவர்கள் அவரை ஆசாரித் தாத்தா என்போம். 1990களில் நான் பள்ளி மாணவனாக இருந்தபோதே அவருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது என்பதால் எழுதவில்லை. மேலும், அவரைப் போன்றவர்கள் ஊருக்கு ஒருவர் இருந்தார்கள். உங்கள் ஊர் ஆசாரியின் பெயரை நீங்களே நிரப்பிக்கொள்ளலாம்.

ஆறுக்கு விடை எளிது. கவராயத்தை விரித்து ஒரு வட்டம் போடுங்கள். விரிப்பை மாற்றாமல், அதே கவராயத்தால் வட்டத்தின் மேல் அடி வைத்துக்கொண்டே போங்கள். ஆறாவது அடியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வீர்கள். வட்டத்துக்குள் வரையும் ஒழுங்கு அறுகோணத்தின் பக்கம் ஆரத்துக்குச் சமம் என்று வடிவியல் பாடத்தில் படிக்கிறோமே, அதுதான். கோணமானி வேண்டாம், வகுத்தல் வேண்டாம். ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால் என்றால் பன்னிரண்டு தானே வந்துவிடும். ஆசாரித் தாத்தா மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் அவர் முழக்கோலும் ஒரு துண்டுக் கயிறும் வைத்துக்கொண்டு அறுகோணத்தைத் தரையில் போடும் வேகத்தில் என்னால் இன்றும் கரும்பலகையில் போட முடியாது.

தச்சுத் தொழில் இந்த வட்டாரத்துக்குப் புதியதன்று. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள திருக்கோவிலூர், சங்க காலத்தில் கோவலூர் என்ற பெயரில் மலையமான்களின் ஊராக இருந்தது. மலையமான் திருமுடிக்காரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். புலவர்களுக்குத் தேர்களை வாரிக் கொடுத்தவன் என்று புகழ் பெற்றவன். தேரைக் கொடுத்தவனைப் புலவர்கள் பாடிவிட்டார்கள். செய்தவனை யார் பாடினார்கள் என்று எனக்கு ஒரு குறை உண்டு. அந்தக் குறையை ஓரளவு தீர்ப்பது புறநானூற்றின் 87-ஆம் பாட்டு. தகடூர் அதியமானை ஔவையார் அதில் ஒரு சக்கரத்துக்கு ஒப்பிடுகிறார். நாள்தோறும் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒருவன், ஒரு மாதம் முழுதும் முயன்று ஒரே ஒரு சக்கரத்தைச் செய்தால் அது எப்படி இருக்கும்? அப்படிப்பட்டவன் எங்கள் தலைவன் என்கிறார். எட்டுத் தேர் என்பது கவிஞரின் மிகை. ஆனால் தேரில் மிகக் கடினமான வேலை சக்கரந்தான் என்பதும், அதற்குத்தான் காலம் பிடிக்கும் என்பதும் ஔவையாருக்குத் தெரிந்திருக்கிறது. பட்டறை ஓரத்தில் சற்று நேரம் நின்று பார்த்தவரால்தான் அப்படி ஓர் உவமை சொல்ல முடியும். அதே அதியமான் பிற்பாடு கோவலூரின் மேல் படையெடுத்து வென்றான் என்பது வேறு கதை.

ஆசாரித் தாத்தாவின் வேலை தேரில் இல்லை. ஏர், நுகத்தடி, பரம்புப் பலகை, ஏற்றம், கதவு, நிலை, தொட்டில், பாடை வரை எல்லாம் அவர் கையால்தான். கூலி காசாக வருவது குறைவு. அறுவடை முடிந்ததும் களத்தில் ஆசாரிக்கென்று ஒரு பங்கு ஒதுக்குவார்கள். அதற்குச் சுதந்திரம் என்று பெயர். அரசியலில் நாம் வழங்கும் சுதந்திரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பரம்பரை உரிமையாக வரும் தானியம் என்பது பொருள். நெல் விளைந்தால் உண்டு, பொய்த்தால் இல்லை. பம்புசெட்டு வந்து ஏற்றம் போனது. டிராக்டர் வந்து ஏர் போனது. இப்படி வேலை ஒவ்வொன்றாகக் கழன்றபோது களத்துப் பங்கும் கழன்றது. இதைப் பற்றி அவர் புலம்பி நான் கேட்டதில்லை. புலம்பாமல் இருந்ததால் யாருக்கும் உறைக்கவும் இல்லை.

அவரைப் பற்றி ஊரில் பெரிய பேச்சு, அவர் பாதி நாள் மலையில் இருப்பார் என்பதே. "தச்சுப் பட்டறைய ஊருல வெச்சிட்டு மனச மலையில வெச்சிருக்காரு" என்று பாட்டி சொல்வார். கல்வராயன் மலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வரும்போது வடக்கே நீல மதில்போல் கூடவே வருவது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. ஜவ்வாது, சேர்வராயன், பச்சைமலை ஆகியவற்றோடு சேர்ந்து பாலாற்றுப் படுகையையும் காவிரிப் படுகையையும் பிரித்து நிற்பது. வடபாகத்தைச் சின்னக் கல்வராயன் என்றும், தென்பாகத்தைப் பெரிய கல்வராயன் என்றும் சொல்வார்கள். கோமுகி ஆறு இம்மலையில் பிறந்து, கச்சிராயபாளையத்துக்கு அருகில் அணையில் தங்கி, மணிமுத்தாற்றோடு கலந்து, பின் வெள்ளாற்றில் சேர்கிறது.

மேலே வாழ்பவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று எண்ணிவிடாதீர்கள். மலையை ஆள்பவர் மலையாளி. பேசுவது தமிழ், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடம் வழங்கும் மரபுக் கதை. சாமையும் தினையும் கேழ்வரகும் அவர்கள் பயிர். இப்போது மரவள்ளியும் மிகுதி. நீண்ட காலம் இம்மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்களாக இருந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னும், 1976 வரை, ஜாகிர்தார்களின் அதிகாரம் மலையில் நீடித்தது என்றால் இன்றைய மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும். அந்த ஆண்டில்தான் அரசு ஜாகிர்களை எடுத்துக்கொண்டது. அடிவாரத்தில் வாக்களித்துச் சட்டமன்றத்துக்கு உறுப்பினர் அனுப்பிக்கொண்டிருந்தோம். மேலே குடிகள் ஜாகிர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தார்கள்.

தாத்தா மலைக்குப் போகத் தொடங்கியது அந்த ஜாகிர் காலத்தில். விடியற்காலையில் கம்பங்கூழைச் சுரைக்குடுவையில் ஊற்றிக்கொண்டு, வாய்ச்சியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறுவார். மேலே ஒரு மலைக் கவுண்டர் அவருக்குத் தோழர். இவர் அவருக்கு ஏர் செய்து கொடுப்பார். அவர் இவருக்கு மரம் காட்டுவார், தேன் கொடுப்பார். இருவரும் ஒருவரையொருவர் "ஆசாரியாரே", "கவுண்டரே" என்றுதான் ஐம்பது ஆண்டும் அழைத்துக்கொண்டார்கள். தினைக் கொல்லையில் பரண் போட்டுக் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கும் இரவுகளில் தாத்தாவும் பரண்மேல் இருந்திருக்கிறார். கரடி போன தடம், மான் உரசிய மரம், எந்தப் பொந்தில் எந்தத் தேனீ என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒருமுறை என்னை உடன் அழைத்துப் போனார். வழியில் கரடி கீறிய கறையான் புற்றைக் காட்டி, "இது நேத்து ராத்திரி. மண்ணு இன்னும் ஈரமா இருக்கு பாரு" என்றார். நான் அன்று முழுவதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அவர் தேடிப் போனது பெரும்பாலும் நேரான மரத்தை அன்று, வளைந்ததை. இதைக் கவனியுங்கள். நேரான பலகையிலிருந்தும் வட்டையை வில்போல் அறுத்து எடுக்கலாம். ஆனால் மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய நுண்குழல்களின் கட்டு. நார் ஓடும் திசையில் அதன் வலிமை, குறுக்குத் திசையில் இருப்பதைப்போல் பல மடங்கு. நேரான பலகையில் வளைவாக அறுத்தால், வட்டையின் இரு முனைகளிலும் நார் குறுக்கே வெட்டுப்படும். பாரம் ஏறியதும் அங்கே பிளக்கும். இயற்கையிலேயே வளைந்த கிளையில் நாரும் வளைந்தே ஓடுகிறது. கலப்பைக்கும் அப்படியே. ஆகவே அவர் காட்டில் மரங்களைப் பார்க்கவில்லை. வட்டைகளையும் கலப்பைகளையும் பார்த்துக்கொண்டு நடந்தார். "அதோ ஒரு கலப்பை நிக்குது, இன்னும் ரெண்டு வருஷம் போவட்டும்" என்பார். ஆரக்காலுக்கு மட்டும் நேரான மரம். அதையும் ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளப்பார். பிளவு நாரின் வழியே போகும். ரம்பம் தன் வழியே போகும்.

மலைச்சரிவில் சாய்ந்து வளர்ந்த மரத்தை அவர் தொடமாட்டார். "அது கோவக்கார மரம், அறுத்தா முறுக்கிக்கும்" என்பது அவர் விளக்கம். சாயும் மரம் தன்னை நிமிர்த்திக்கொள்ளச் சரிவின் மேற்புறத்தில் ஒருவகைத் தனிக் கட்டையை வளர்க்கிறது என்றும், அகன்ற இலை மரங்களில் அதன் நார்கள் இழுவிசையில் முறுக்கேறி நிற்கின்றன என்றும் தாவர இயல் நூல்களில் பிற்பாடு படித்தேன். மரத்தை அறுத்தவுடன் அந்த இழுவிசை அவிழ்ந்து பலகை திருகிக்கொள்கிறது. கோபம் என்ற சொல் அவ்வளவு தவறில்லை.

அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். தேய்பிறையில்தான் மரம் வெட்ட வேண்டும் என்பார். இலையுதிர்ந்த உலர் மாதங்களில் வெட்டுவதற்குக் காரணம் சொல்லலாம். நிலவுக்கு எனக்கு நம்பத் தகுந்த சான்று கிடைக்கவில்லை. இதை அவரிடமே சொன்னேன். "அப்ப வளர்பிறையில வெட்டி நீ ஒரு சக்கரம் செய், பார்க்கலாம்" என்றார். வாதத்தில் அவர் வென்றாரா நான் வென்றேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

எந்த மரம் எதற்கு என்பதில் அவரிடம் ஒரு முழு நூலே இருந்தது. குடத்துக்குக் கருவேலம், ஆப்பு அடித்தாலும் வெடிக்காது. வட்டைக்குப் பூவரசும் வாகையும். கொட்டாப்புளிக்குப் புளி. வேங்கை வீட்டு உத்திரத்துக்கு. ஆச்சா மரம் இந்தியாவின் மிகக் கனமான மரங்களுள் ஒன்று; அதில் உளி வைக்கும் முன் ஒரு கும்பிடு போடுவார். மரத்தை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, உள்ளே பொந்து உண்டா, ஈரம் உண்டா என்று சொல்வார். திடப்பொருளில் ஒலி பரவும் வேகம் அதன் மீட்சிக் குணகத்தையும் அடர்த்தியையும் பொறுத்தது என்று நான் வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அந்த விரல் முட்டி என் நினைவுக்கு வரும்.

இதே அறிவை வேறு வழியில் திரட்டியவர்களும் உண்டு. 1856-இல் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் இரயில் பாதை திறக்கப்பட்டது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளுக்கும், எஞ்சின் விறகுக்கும் காடுகள் வெட்டப்பட்டன. அதே ஆண்டில் ஹியூ கிளெக்ஹார்ன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக அமர்த்தப்பட்டார். காடு தீர்ந்துபோகும் பொருள் என்பதை அரசுக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவர் முன்னோடி. 1881-இல் காம்பிள் என்ற வன அதிகாரி இந்திய மரங்களைப் பற்றிய கையேட்டை வெளியிட்டார். 1906-இல் டேராடூனில் வன ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அங்கே மரத்துண்டுகளை எந்திரத்தில் வைத்து வளைத்தும் நசுக்கியும் பிளந்தும் பார்த்து, தேக்கின் ஒவ்வொரு பண்பையும் 100 என வைத்துக்கொண்டு மற்ற மரங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். மிகச் சிறந்த பணி. ஆனால் கருவேலம் குடத்துக்கு ஆகும் என்று அந்த எந்திரங்கள் கண்டுபிடிக்கும் முன்பே எங்கள் பக்கத்து வண்டிகள் சந்தைக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தன.

1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. இன்று தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் நடைமுறையில் இருப்பது அதுவே. காப்புக்காடுகளுக்கு எல்லை கட்டி, மரம் வெட்ட அனுமதி வேண்டும் என்று அது வகுத்தது. இதைப் பற்றி எனக்கு இருமனம் உண்டு. சட்டம் இல்லாதிருந்தால் அடிவாரக் காடு இந்நேரம் வெறும் கற்களாகியிருக்கும். அதே சமயம், இரண்டாண்டுக்கு ஒரு வளைந்த கிளையை எடுத்தவனும், இரவில் சந்தன மரத்தைக் கடத்தியவனும் ஒரே சொல்லால் குற்றவாளிகள் ஆனார்கள். தாத்தா ஒருமுறை ஒரு வாகைக் கிளைக்காக அபராதம் கட்டினார். தவறு தம்முடையது என்றே சொன்னார். அதன்பின் வட்டை மரத்தைக் கள்ளக்குறிச்சி மரக்கடையில் வாங்கினார். அந்த மரத்தில் அவர் செய்த சக்கரங்களைத் தம் சக்கரம் என்று அவர் சொல்லிக்கொண்டதில்லை. மலைக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு வருவார்.

இனி என் தொழிலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். திடப்பொருள்களின் வெப்ப விரிவைப் பற்றிய பாடத்தில் ஓர் எடுத்துக்காட்டு தவறாமல் வரும். வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டாவைச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறியதாகச் செய்து, காய்ச்சி மாட்டி, நீர் ஊற்றிக் குளிர வைப்பார்கள். அது சுருங்கி இறுகிக்கொள்ளும். ஆண்டுதோறும் நானும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு மாணவி கணக்குப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நீங்களும் தாளை எடுங்கள்.

சக்கரத்தின் விட்டம் 150 செ.மீ. என்றால் சுற்றளவு சுமார் 471 செ.மீ. இரும்பின் நீள்விரிவு எண் ஒரு டிகிரி செல்சியசுக்கு 0.000012. பட்டாவை 500 டிகிரி சூடேற்றினால் அது 2.8 செ.மீ. நீளும். ஆகவே பட்டாவை 2 செ.மீ. குறைவாகச் செய்தால் சூட்டில் தாராளமாக மாட்டலாம். இதுவரை சரி. குளிர்ந்தபின் அந்த 2 செ.மீ. நீட்சி பட்டாவில் அப்படியே தங்கினால், திரிபு 471-இல் 2. அதாவது ஆயிரத்துக்கு நான்குக்குச் சற்று மேல். இரும்பின் யங் குணகம் சதுர மில்லிமீட்டருக்கு 2 இலட்சம் நியூட்டன். பெருக்கினால் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 850 நியூட்டன். சாதாரண மெல்லிரும்போ 250 நியூட்டனிலேயே மீள முடியாதபடி நீளத் தொடங்கிவிடும். "அப்படியானால் பட்டா இறுகாது சார், இழுபட்டு நீண்டுதானே போகும்?" என்றாள்.

எனக்கு விடை தெரியவில்லை. நாளை சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இரவு படுத்தபின் பட்டா மாட்டிய ஒரு நாள் நினைவுக்கு வந்தது.

கொல்லர் பட்டறைக்கு வெளியே, தரையில் பட்டாவைக் கிடத்தி, சுற்றிலும் வரட்டி அடுக்கித் தீ வைத்திருந்தார்கள். சக்கரம் பக்கத்தில் கிடந்தது. நான் சிறுவனுக்குரிய அதிகப்பிரசங்கித்தனத்தோடு வட்டைகளுக்கு இடையில் விரல் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பொருத்திலும் ஓர் இடைவெளி. தேங்காய் ஓட்டுத் துண்டு நுழையும் அளவு. "தாத்தா, சரியா சேரலியே, அளவு தப்பிப் போச்சா?" என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "தப்பல தம்பி, விட்டு வெச்சிருக்கேன். எடம் இல்லாம யாரும் நெருங்க முடியாது" என்றார். பட்டா மங்கிய சிவப்பாகப் பழுத்ததும் நான்கு பேர் இடுக்கியால் தூக்கி மாட்டினார்கள். மரம் புகைந்து தீப்பிடித்தது. குடம் குடமாக நீர். சீறலுக்கும் ஆவிக்கும் நடுவில் சக்கரம் நெறுநெறுவென்று முனகும் ஒலி கேட்டது. ஆவி அடங்கியபின் மறுபடி விரல் வைத்தேன். இடைவெளி இல்லை.

இப்போது கணக்கைத் திருத்துவோம். ஆறு பொருத்துகளில் ஒவ்வொன்றிலும் இரண்டரை மில்லிமீட்டர் விட்டால் மொத்தம் 15 மி.மீ. பட்டா சுருங்கும்போது முதல் ஒன்றரை செ.மீ. இந்த இடைவெளிகளை மூடுவதற்கே செலவாகிறது. அப்போது வட்டைகள் உள்நோக்கி நகர்ந்து, ஆரக்கால்களைக் குடத்துக்குள் இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழமாக அழுத்துகின்றன. தளர்வாக இருந்த பத்தொன்பது துண்டுகள் ஒரே பொருளாகும் கணம் அது. மீதமுள்ள அரை செ.மீ.தான் இரும்பில் நீட்சியாகத் தங்குகிறது. தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 210 நியூட்டன் அளவில் வருகிறது. இரும்பின் எல்லைக்குச் சற்றே உள்ளே. பட்டா 5 செ.மீ. அகலமும் 1 செ.மீ. கனமும் உடையதாக இருந்தால், அது சக்கரத்தை இறுக்கும் இழுவிசை ஏறத்தாழ பத்து டன் எடைக்குச் சமம். மரமும் சற்று நசுங்குவதால் உண்மையில் இதைவிடக் குறையலாம். ஆனாலும் எவ்வளவு நெருங்கிப் போயிருக்கிறார் பாருங்கள். இடைவெளியைக் குறைத்திருந்தால் பட்டா நீண்டு வீணாகும். கூட்டியிருந்தால் சக்கரம் ஆடும்.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். யங் குணகம் தெரியாத ஒருவர் இதை எப்படி அறிந்தார் என்று அந்த மாணவி கேட்டாள். அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. இங்கிலாந்தில் பார்னம் என்ற ஊரில் ஜார்ஜ் ஸ்டர்ட் என்பவர் இருந்தார். பள்ளி ஆசிரியர். 1884-இல் தந்தை இறந்ததும் குடும்பத்தின் வண்டிப் பட்டறை அவர் தலையில் விழுந்தது. தம் தொழிலாளிகள் செய்யும் ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டார். வழிவழியாக இப்படித்தான் என்றார்கள். சில காரணங்கள் அவருக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கின. 1923-இல் அவற்றை ஒரு நூலாக எழுதினார். இன்று உலகெங்கும் தொழில்நுட்ப வரலாறு படிப்போர் புரட்டும் நூல் அது. அங்கே பட்டறைக்குள் ஓர் ஆசிரியர் தற்செயலாக வந்து சேர்ந்தார், எழுதினார். நம் பட்டறைகளுக்கு நாம் போகவே இல்லை. நானும் அந்த முதியவர் இருந்தவரை அவருடைய ஏட்டில்லா நூலில் ஒரு பக்கத்தைக்கூடக் குறித்து வைக்கவில்லை. முதுநிலைப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஊருக்குப் போனால், எனக்குத் தெரிந்ததை அவருக்குச் சொல்வதிலேயே நேரம் போயிற்று.

கோடையில் ஏன் சக்கரத்தைக் குளத்தில் போடுகிறார்கள் என்று மட்டும் அவரிடம் கேட்டேன், நல்லவேளையாக. "மரம் தாகம் எடுத்து எளச்சிப்போவும். ஆனா ஒசரம் கொறயாது, இடுப்புதான் கொறயும்" என்றார். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. ஈரம் வற்றும்போது மரம் நார்த் திசையில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை, குறுக்கேதான் சுருங்குகிறது. எனவே ஆரக்காலின் நீளம் குறைவதில்லை. வட்டையின் நீளமும் குறைவதில்லை. ஆனால் 12 செ.மீ. உயரமுள்ள வட்டை நூற்றுக்கு இரண்டு பங்கு மெலிந்தால், ஆரத்தில் 2.4 மி.மீ. குறையும்; சுற்றளவில் ஒன்றரை செ.மீ. தளர்ந்துவிடும். பட்டா கழன்று வண்டி நடுவழியில் நிற்க அது போதும். ஓர் இரவு குளத்தில் கிடந்தால் மரம் நீர் குடித்துப் பழையபடி பருக்கும். சித்திரை வைகாசியில் எங்கள் ஊர்க் குளத்தின் ஓரத்தில் எருமைகளுக்குப் பக்கத்தில் சக்கரங்கள் ஊறிக்கொண்டிருந்த காட்சியை நினைவு வைத்திருப்பவர்கள் இன்னும் இருப்பார்கள்.

மரச் சக்கரம் போனதற்கு யார்மேலும் குறை சொல்ல முடியாது. ஜான் பாய்டு டன்லப் 1888-இல் பெல்பாஸ்டில் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அது நம் மாட்டு வண்டிக்கும் வந்து, டயர் வண்டி ஆயிற்று. இரும்புப் பட்டா ஒடுக்கமானது. பாரம் முழுவதும் சிறு பரப்பில் இறங்குவதால் மண்ணில் புதைகிறது, தார்ச்சாலையை வெட்டுகிறது. புதைந்த பள்ளத்திலிருந்து ஒவ்வோர் அடியும் ஏறுவது மாட்டின் கழுத்துக்கு வேலை. டயர் தானே அமுங்கி, பாரத்தைப் பரப்பி, தரையை விட்டுவைக்கிறது. மாடுகளின் பக்கம் நின்று பார்த்தால் டயர் வண்டி ஒரு விடுதலைதான். தாத்தாவே அதை ஒப்புக்கொண்டார். அவருடைய மகன் டயர் வண்டிக்கு மேற்பலகை அடித்தார். பிறகு அந்த வேலையும் இல்லாமல், கதவு நிலை செய்யக் கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டார்.

கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் இப்போது சாலையோரக் கூடங்களில் மரச்சிற்பங்கள் நிறைந்து நிற்பதைப் பார்க்கலாம். தெய்வ உருவங்கள், கோயில் வாகனங்கள், பூ வேலை செய்த கதவுகள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான ஊருக்கு அது ஒரு பெருமை. அடுத்துள்ள தம்மம்பட்டி, அரும்பாவூர் சிற்பங்களுக்கும் அப்படியே. மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? சாமி செய்த உளிக்குக் குறியீடு உண்டு. சக்கரம் செய்த உளிக்கு இல்லை. வாங்குவார் இருப்பதால் ஒன்று பிழைத்தது. தாத்தாவின் பேரன் அத்தகைய கூடம் ஒன்றில் வாகை மரத்தில் யாளி முகம் செதுக்குகிறார். கொட்டாப்புளி பிடிக்கும்போது இடது தோளைச் சற்று இறக்குவது தாத்தாவின் வாகு. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை என்கிறார்.

தாத்தா 2006-இல், ஒரு மார்கழியில் இறந்தார். இறப்பதற்கு முந்திய ஆண்டுவரை மலைக்குப் போய்வந்தார். கடைசி இரண்டு முறை பேருந்தில். மலைக் கவுண்டருக்கு ஆள் அனுப்பிச் சொன்னார்கள். அந்த வயதில் அவர் அடிவாரம் வரை இறங்கி வந்து, ஒரு வேங்கைக் கிளையைப் பாடையில் வைத்துவிட்டு, யாரிடமும் பேசாமல் திரும்பிப் போனார்.

அவர் செய்த சக்கரம் ஒன்றை, விறகுக்குப் போக இருந்ததை, நான் கேட்டு வாங்கி வந்தேன். எங்கள் இயற்பியல் ஆய்வகத்தின் வாசலில் அது சாய்ந்து நிற்கிறது. முதலாண்டு மாணவர்களுக்கு அளவுநாடாவைக் கொடுத்துச் சுற்றளவை அளக்கச் சொல்வேன். பிறகு பொருத்துகளைத் தேடச் சொல்வேன். சென்ற கோடையில் பார்த்தபோது வட்டைகளுக்கிடையில் விரல் நகம் நுழைந்தது, பட்டாவும் ஆடிற்று. குளத்துக்குத் தூக்கிப் போகலாம் என்று பார்த்தால் பக்கத்தில் குளம் இல்லை. ஐப்பசி மழையில் இரண்டு நாள் வெளியே உருட்டி வைத்தோம்.